டிராப்பாக்ஸை மறுபடி போட வேண்டும், ஆனால் டி டிரைவில் இருக்கும் 410 ஜிபி மறுபடி இறங்கக் கூடாது

ஆல்பம்வேலை

வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். வீட்டிலேயே ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். அதில் சி டிரைவ் இருந்த எஸ்எஸ்டி போன வாரம் செத்துவிட்டது. காலையில் ஆன் செய்தால் பயாஸிலேயே காட்டவில்லை, அவ்வளவுதான். புதிது வாங்கி விண்டோஸ் 11 போட்டாயிற்று. நல்லவேளை, டிராப்பாக்ஸ் (கணினியில் இருக்கும் கோப்புகளை இணையத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சேவை) ஃபோல்டரை எப்போதுமே டி டிரைவில், தனி ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது: 410 ஜிபி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கோப்புகளுக்கு மேல்.

இப்போது சிக்கல் என்னவென்றால், இரண்டு மாதம் முன்பு வீடு மாறினோம், இந்தத் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 2 ஜிபி. டிராப்பாக்ஸ் நிறுவியதும் மொத்தமும் முதலிலிருந்து இறங்க ஆரம்பித்தால் 205 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து நிறுவவே கை வரவில்லை.

இன்னொன்று, போட்டோகிராஃபர் அண்ணனும் அதே ஷேர்டு ஃபோல்டரில்தான் வேலை செய்கிறார். இந்த ஒரு வாரத்தில் அவர் பக்கம் என்ன மாற்றினார், எதை அழித்தார் என்று தெரியாது. எஸ்எஸ்டி போவதற்கு முந்தின ராத்திரி நான் திருத்திய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்புகள் மேலே ஏறினவா என்பதும் தெரியாது. இருக்கிற கோப்பை அதுவே அடையாளம் கண்டுகொள்ளுமா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு இறக்குமா?

சும்மாவந்தேன்

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீர்கள். நிறுவி உள்ளே போனதும் சிங்க்கை, அதாவது இணையத்தோடு கோப்புகளை ஒத்துப்போகச் செய்வதை, தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். பழைய ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் புது ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ரெஸ்யூம். முடிந்தது. நான் மூன்று தடவை செய்திருக்கிறேன்.

கம்பியில்லாத்தந்தி

மேலே நண்பர் சொன்னது வேலை செய்யும், ஆனால் உங்கள் நிலைமைக்கு வேண்டாம். டிராப்பாக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும் இடம் சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டர். 410 ஜிபியை டி-யிலிருந்து சி-க்கு இழுத்தால் அது நகர்த்துவது ஆகாது, நகல் எடுப்பது. புது எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று நீங்கள் சொல்லவில்லை. 256 என்றால் கதை பாதியிலேயே முடிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அடையாளம் கண்டுகொள்ளும். டிராப்பாக்ஸ் ஒவ்வொரு கோப்பையும் 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 முறையில் ஒரு கைரேகை எடுக்கும். சர்வரில் இருக்கும் கைரேகையும் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் துண்டின் கைரேகையும் ஒன்றாக இருந்தால் அந்தக் கோப்பை ஏற்றவும் செய்யாது, இறக்கவும் செய்யாது. ஆக நெட் செலவு, வித்தியாசப்படும் கோப்புகளுக்கு மட்டும்தான். இது நடக்க வேண்டுமானால் புதிதாக நிறுவியது அந்தப் பழைய ஃபோல்டரையே தன் ஃபோல்டராக எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

உள்நுழைந்ததும் வரும் அமைப்புத் திரைகளை "அடுத்து, அடுத்து" என்று தட்டாதீர்கள். ஃபோல்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதை மாற்றும் வழி அங்கேதான் இருக்கும். அங்கே டி டிரைவைத் தேர்வு செய்யுங்கள். டி டிரைவுக்குள் இருக்கும் டிராப்பாக்ஸ் ஃபோல்டரை அல்ல. நீங்கள் காட்டும் இடத்துக்குள் "டிராப்பாக்ஸ்" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை அதுவே சேர்த்துக்கொள்ளும். ஃபோல்டரையே காட்டினால் டிராப்பாக்ஸுக்குள் டிராப்பாக்ஸ் என்று இன்னொன்று முளைக்கும், அது காலியாக இருக்கும், அதை நிரப்ப உங்கள் 2 ஜிபியைத் தின்ன ஆரம்பிக்கும். சரியான இடத்தைக் காட்டினீர்கள் என்பதற்கு அடையாளம், "அங்கே ஏற்கனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது, இரண்டையும் இணைக்கட்டுமா" என்று கேட்பது. அந்தக் கேள்வி வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இடம் கேட்கும் திரையைத் தவறவிட்டால் பரவாயில்லை, சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்தி, அமைப்புகளில் போய் கணக்கைத் துண்டித்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள், திரைகள் திரும்ப வரும்.

கோப்புகளைக் கணினியில் வைக்கட்டுமா, ஆன்லைனில் மட்டும் வைக்கட்டுமா என்றும் கேட்கலாம். கணினியில் என்று சொல்லுங்கள்.

மூணாவதுமாடி

இதைச் செய்வதற்கு முன்னால் தயவுசெய்து ஒன்று பாருங்கள். அந்த 410 ஜிபி உண்மையிலேயே டிஸ்க்கில் இருக்கிறதா?

கேள்வி முட்டாள்தனமாகத் தெரியலாம். எனக்கு நடந்தது. எந்தச் சேவை என்று சொல்லவில்லை, தப்பு என்னுடையது. ஃபார்மேட் செய்வதற்கு முன் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், எல்லாக் கோப்பும் வரிசையாகத் தெரிந்தது, பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அப்பாவின் பென்ஷன் ஸ்கேன், எல்லாம். ப்ராப்பர்ட்டீஸில் 90 ஜிபி என்று காட்டியது. சரி, தனி டிரைவில்தானே இருக்கிறது என்று விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பிறகு திறந்தால் ஒரு படமும் திறக்கவில்லை. அப்போதுதான் அந்த 90 ஜிபிக்குக் கீழே இருந்த இரண்டாவது வரியைப் படித்தேன்: டிஸ்க்கில் எடுத்துக்கொண்ட இடம் 6 ஜிபி. மீதி எல்லாம் வெறும் பெயர்ப்பலகை. உள்ளே சரக்கு இல்லை, சரக்கு மேகத்தில், அதாவது இணையத்தில் அந்தச் சேவையின் சர்வரில். நல்லவேளை மேகத்தில் இருந்தது, மூன்று நாள் இறக்கினேன்.

எனவே ஃபோல்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இரண்டு வரியையும் பாருங்கள். அளவும் டிஸ்க்கில் எடுத்துக்கொண்ட இடமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நிம்மதி.

ஆல்பம்வேலை

பார்த்துவிட்டேன் அக்கா. 410, 411. மனசு லேசாயிற்று. எஸ்எஸ்டி 256தான், தந்தி சார் சரியாகப் பிடித்துவிட்டார்.

சும்மாவந்தேன்

256-ல் என் வழி சரிப்படாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே டிரைவுக்குள் என்றால் நகர்த்துவது ஒரு நொடிதான், அப்போது என் வழிதான் சுலபம். அந்த இணைக்கும் கேள்வி ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு இடத்தில் வருகிறது, சில சமயம் தேட வேண்டியிருக்கிறது.

தெற்குவாசல்

இழுத்துப் போடுவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இழுப்பதில் திசை முக்கியம். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது, கணக்கு இணைந்திருக்கும்போது, ஃபோல்டரில் இருப்பதை "பத்திரமாக" வெளியே எடுத்து வைக்கிறேன் என்று நகர்த்தினால், அது பார்வையில் நீங்கள் அழித்துவிட்டீர்கள். மேகத்திலும் அழிக்கும், ஷேர் செய்தவர் கணினியிலும் அழிக்கும். நான் இதைச் செய்து, அரை மணி நேரத்தில் மச்சான் போனில் கூப்பிட்டு "கடைக் கணக்கு ஃபோல்டர் எங்கே போச்சு" என்றார். மேகத்தின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டோம். டிராப்பாக்ஸில் சாதாரணக் கணக்குக்கும் பிளஸ் கணக்குக்கும் அழித்தது 30 நாள் வரை இருக்கும், அதற்குள் விழித்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

வெளியே எடுப்பதென்றால் நகல் எடுங்கள். நகர்த்தவே நகர்த்தாதீர்கள். மென்பொருளைத் துண்டித்துவிட்டோ நீக்கிவிட்டோ என்ன செய்தாலும் மேகத்துக்குத் தெரியாது.

கம்பியில்லாத்தந்தி

தெற்குவாசல் சொன்னதோடு இன்னொன்றும். செலக்டிவ் சிங்க் என்று இருக்கிறதே, எந்த ஃபோல்டர் இந்தக் கணினிக்கு வேண்டும் என்று டிக் போடும் இடம், அதில் டிக்கை எடுத்தால் அந்த ஃபோல்டர் இந்த டிஸ்க்கிலிருந்து போய்விடும், மேகத்தில் மட்டும் இருக்கும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு டவுன்லோட் வேண்டாம்" என்று நினைத்து டிக்கை எடுப்பவர்கள் நிறைய. அவர்கள் காப்பாற்ற நினைத்த நகலை அவர்களே வழியனுப்பி வைக்கிறார்கள். ஆல்பம் நண்பரே, அதைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஒரு வாரத்தில் மாறினவை. அதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியது.

எந்தக் கோப்பு கடைசியாக எந்த நிலையில் சிங்க் ஆனது என்ற நினைவை டிராப்பாக்ஸ் உங்கள் ஃபோல்டரில் எழுதி வைப்பதில்லை. சி டிரைவில், யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவில் வைத்திருக்கும். அது செத்த எஸ்எஸ்டியோடு போய்விட்டது. எனவே புதிதாக வருவது நினைவு இல்லாத ஆள். வேலையை விட்டுப்போன பழைய கணக்குப்பிள்ளைக்குப் பதில் புதியவர் வந்து, பேரேடு இல்லாமல், கடையில் இருக்கும் சரக்கையும் குடோனில் இருக்கும் சரக்கையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. குடோனில் மட்டும் இருந்தால் கடைக்கு இறக்குவார். கடையில் மட்டும் இருந்தால் குடோனுக்கு அனுப்புவார். ஏன் கடையில் மட்டும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

விளைவு: இந்த ஒரு வாரத்தில் உங்கள் அண்ணன் அழித்த கோப்புகள் உங்கள் டிஸ்க்கில் உயிரோடு இருக்கின்றன. டிராப்பாக்ஸ் அவற்றைப் புதுக் கோப்பு என்று நினைத்து மேலே ஏற்றும். அவர் ஃபோல்டர் பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயரிலும் ஒன்று, புதுப் பெயரிலும் ஒன்று என்று இரட்டையாகும். கோப்பு எதுவும் தொலையாது, ஆனால் செத்தது எழுந்து வரும். அவரைக் கேட்டு, அழித்தவை, பெயர் மாற்றியவை இரண்டையும் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிராப்பாக்ஸ் இணையதளத்திலும் அழித்த கோப்புகளின் பட்டியல் இருக்கிறது, அது கூடுதல் உறுதி. நிறுவுவதற்கு முன் உங்கள் டிஸ்க்கிலும் அதே மாற்றத்தைக் கையால் செய்துவிட்டால் புதியவருக்குக் குழப்பமே வராது.

முந்தின ராத்திரி பிஎஸ்டி: மேலே ஏறாமல் இருந்தால் உங்களிடம் ஒன்று, மேலே வேறொன்று. எது புதிது என்று சொல்லப் பேரேடு இல்லை. அப்படிப்பட்ட கோப்புகளுக்கு "கான்ஃப்ளிக்டட் காப்பி" (முரண்பட்ட பிரதி) என்று பெயருடனும் தேதியுடனும் இன்னொரு பிரதி வரும். இரண்டையும் திறந்து பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்றாலும் அந்தக் கோப்புகளை மட்டும் முதலில் ஒரு பென் டிரைவில் போட்டுவிடுங்கள். நான் இதுவரை எழுதியது தப்பாகவே இருந்தாலும் உங்கள் வேலை போகாது.

பழையசிபியு

நான் டிராப்பாக்ஸ் இல்லை, வீட்டிலேயே பழைய கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் ஓட்டும் இதே மாதிரி மென்பொருள்) வைத்திருக்கிறேன். அதன் கிளையன்ட்டை, அதாவது நம் கணினியில் ஓடும் மென்பொருளை, மறுபடி நிறுவி அதே ஃபோல்டரைக் காட்டினால் இரண்டு வழி கொடுக்கும்: இருக்கும் தரவை வைத்துக்கொள், அல்லது சுத்தமாகத் தொடங்கு. "சுத்தமாக" என்ற வார்த்தையைப் பார்த்து நல்லதுதானே என்று அதைத் தேர்ந்தெடுத்து விடாதீர்கள். அது லோக்கல் ஃபோல்டரையே துடைத்துவிடும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறோம்.

இன்னொன்று நான் பட்டது. டிஸ்க் மாற்றும்போது லினக்ஸில் சாதாரண நகல் கட்டளையில் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு கோப்பின் மாற்றிய தேதியும் அன்றைய தேதி ஆகிவிட்டது. நெக்ஸ்ட்கிளவுட் தேதியையும் அளவையும் முதலில் பார்க்கிற ஆள். 2016-ல் எடுத்த படம் இன்று மாறியிருக்கிறது என்றால் அது என்ன செய்யும் பாவம், சந்தேகப்பட்டு ஏகப்பட்டதை மறுபடி இழுத்தது. உள் நெட்வொர்க் என்பதால் காசு போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனது. ஆர்சிங்க் என்ற நகல் கட்டளை என்றால் ஆர்க்கைவ் குறியோடு ஓட்டுங்கள், தேதி அப்படியே இருக்கும். விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை கோப்பின் தேதியைத் தானாகவே காப்பாற்றும்.

மூணாவதுமாடி

மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவுக்கும் இதே கதைதானா? ஆபீஸ் லேப்டாப்பில் என் டெஸ்க்டாப்பே அதற்குள்தான் இருக்கிறது. ஐடி ஆட்கள் "ரீசெட் போடுங்கள்" என்கிறார்கள், எனக்குக் கை நடுங்குகிறது.

கம்பியில்லாத்தந்தி

ஒன்டிரைவ் ரீசெட் கோப்பை அழிப்பதில்லை. அதன் நினைவை மட்டும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிடும். துண்டித்துவிட்டு மறுபடி சேர்த்தால் ஏற்கனவே ஒரு ஒன்டிரைவ் ஃபோல்டர் இருக்கிறது என்று சொல்லும், இந்த இடத்தையே பயன்படுத்து என்று கொடுங்கள். மேக ஐகான் இருக்கும் கோப்புகள் மேகத்தில் மட்டும் இருப்பவை, உங்கள் பழைய அனுபவம் அங்கேயும் பொருந்தும். ஒன்டிரைவில் மோதல் வந்தால் கோப்பின் பெயரோடு கணினியின் பெயரை ஒட்டும். புதிதாக விண்டோஸ் போட்டவர்கள் முதலில் கணினிக்கு ஒரு நல்ல பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் டெஸ்க்டாப் என்று தொடங்கி வாயில் நுழையாத எழுத்துகளாகக் கோப்பின் வாலில் தொங்கும்.

கூகுள் டிரைவில் ஸ்ட்ரீம் முறையில் (கோப்பு மேகத்திலேயே இருக்கும், திறக்கும்போதுதான் இறங்கும்) இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் தனி ஜாக்கிரதை. அங்கே நீங்கள் பார்ப்பது கற்பனை டிரைவ். இன்னும் ஏறாத மாற்றங்கள் சி டிரைவில் டிரைவ்எஃப்எஸ் என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். "கேஷ்தானே, தற்காலிக நகல்தானே" என்று அதை அழித்தால் ஏறாதது போயிற்று. 2023 நவம்பரில் சிலருக்குக் கோப்புகள் காணாமல் போனபோது கூகுளே சொன்ன முதல் அறிவுரை, கணக்கைத் துண்டிக்காதீர்கள், அந்த ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள் என்பதுதான்.

ஆல்பம்வேலை

நேற்று ராத்திரி துணிந்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அண்ணனுக்கு போன் போட்டு அழித்தது, பெயர் மாற்றியது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டு ஃபோல்டர் பெயர் மாற்றம், ஒரு நிச்சயதார்த்தம் முழுவதும் அழித்திருந்தார், டெலிவரி முடிந்துவிட்டதாம். என் டிஸ்க்கிலும் அதையே செய்தேன். 11 பிஎஸ்டியை பென் டிரைவில் போட்டேன்.

நிறுவினேன். இடம் கேட்ட திரையில், இவ்வளவு படித்த பிறகும், பழக்கதோஷத்தில் டிராப்பாக்ஸ் ஃபோல்டரையே சுட்டிக்காட்டிவிட்டேன்! இணைக்கும் கேள்வி வரவில்லை. சட்டென்று உறைத்து, பின்னால் போய் டி டிரைவை மட்டும் கொடுத்தேன். கேள்வி வந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தது எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் சோதனை. கீழே மூலையில் "1,83,000 கோப்புகளை சிங்க் செய்கிறது" என்று வந்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். டிஸ்க் 100 சதவீதம், நெட்வொர்க் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போதுதான் புரிந்தது, படித்து ஒப்பிடுகிறது, இறக்கவில்லை.

கம்பியில்லாத்தந்தி

அதேதான். 410 ஜிபியையும் ஒரு தடவை முழுக்க வாசித்தால்தான் கைரேகை எடுக்க முடியும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நிற்காமல் வாசித்தாலே ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய என்றால் ராத்திரி முழுக்க. பலர் இந்த இடத்தில்தான் பயந்து நிறுத்தி, நீக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆல்பம்வேலை

எனக்குப் பதினோரு மணி நேரம். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு ஃபோல்டரில் மட்டும் சிக்கி நின்றது, திறக்க அனுமதி இல்லை என்றது. 2019 ஃபோல்டர், பழைய விண்டோஸில் யூசர் ஃபோல்டரிலிருந்து நான் இங்கே நகர்த்தியது. அது இன்னும் செத்துப்போன பழைய யூசரின் பெயரில் இருந்திருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் உரிமையாளரை என் பெயருக்கு மாற்றி, உள்ளே இருப்பதற்கும் பொருந்தும்படி டிக் போட்டதும் ஓடியது.

மொத்த நெட் செலவு 1.6 ஜிபி. அண்ணன் புதிதாகப் போட்ட ஒரு ரிசப்ஷனின் ஜேபெக் பிரிவ்யூதான் அதில் பெரும்பகுதி. கான்ஃப்ளிக்டட் காப்பி நாலு. நாலும் அந்த ராத்திரி பிஎஸ்டி, என் பக்கத்தில் இருந்ததுதான் புதிது.

தெற்குவாசல்

அந்த நாலில் பழையதை உடனே அழிக்காதீர்கள் தம்பி. பிரிண்டுக்குப் போன பிறகு அழியுங்கள்.

ஆல்பம்வேலை

சரி அண்ணா. பழையதை "வேண்டாதது" என்று ஒரு ஃபோல்டரில் தள்ளி வைத்திருக்கிறேன்.

புதுமாக்

தாமதமாக வருகிறேன். மேக்கில் இதே மாதிரி வெளி டிரைவில் டிராப்பாக்ஸ் ஃபோல்டர் வைத்திருக்கிறேன், அதே வழி பொருந்துமா?

கம்பியில்லாத்தந்தி

மேக்கில் ஆப்பிளின் ஃபைல் புரொவைடர் முறைக்கு (மேகக் கோப்புகளை மேக் வழியாகவே காட்டும் முறை) மாறிய டிராப்பாக்ஸ் என்றால் ஃபோல்டர் பொதுவாக ஹோம் லைப்ரரிக்குள் கிளவுட்ஸ்டோரேஜ் என்ற இடத்தில் உட்காரும். உங்கள் டிராப்பாக்ஸ் எந்த முறையில் ஓடுகிறது, ஃபோல்டர் இப்போது எந்தப் பாதையில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை எதையும் நீக்க வேண்டாம்.